வளரியை அறிவது எப்படி?



இராமநாதபுரம் சீமையில் பிறந்த எவரும் வளரி என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்திருக்க மாட்டார். பிறைபோல் வளைந்த எறிபடை அது. வளைதடி என்றும் அதற்குப் பெயருண்டு. பள்ளி நாடகத்தில் அட்டையை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டி அதை ஏந்தி நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். சொல்லைக் கேட்டவர் பலர். பொருளைக் கண்டவர் சிலர். கையில் ஏந்தி எடை பார்த்தவரோ மிகச் சிலர். ஆகவே வளரியின் வீரத்தைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. அதைப் பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். ஒரு வளரி உங்கள் கைக்கு வந்தால், அது எவ்வகையைச் சேர்ந்தது, எந்தக் காரியத்திற்காகச் செய்யப்பட்டது, பழையதா, அண்மையில் ஆக்கப்பட்டதா என்பதை எவ்வாறு அறிவது என்று சொல்லவே வந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, இந்தச் செய்தியில் நான் ஒருமுறை நன்றாகத் தவறியவன் என்பதே.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியில் வரலாற்றாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவை ஒட்டி ஒரு பொருட்காட்சி வைத்தோம். மாணவர் தத்தம் வீடுகளிலிருந்து பழைய காசுகள், ஓலைச்சுவடிகள், படி, மரக்கால் முதலியவற்றைக் கொண்டுவந்தனர். ஒரு பையன் கரியேறி மின்னிய மரவளரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ‘மருதுபாண்டியர் காலத்து வளரி, 1801’ என்று என் கைப்பட எழுதி, மேசையின் நடுவில் அதை வைத்தேன்.

மாலையில் பெற்றோர் வந்து பார்வையிட்டனர். அவர்களுள் ஒருவர் பாம்பன் பக்கத்து ஓடாவி; மரப்படகு கட்டுவதில் தேர்ந்தவர். அவர் அந்த வளரியை எடுத்தார், விளிம்பைத் தடவினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, மெதுவாகச் சொன்னார்:

“சார், தப்பா நினைக்கக் கூடாது. இது பலகையிலே அறுத்தது. மரத்தோட ரேகை நேரா ஓடுது, சாமான் மட்டும் வளையுது. இந்த வளைவுகிட்டே ரேகை குறுக்கே அறுபட்டுக் கிடக்கு பாருங்க. ஓங்கி எறிஞ்சா இந்த இடத்திலேயே தெறிச்சுப் போகும். படகுக்கு விலாச்சட்டம் வைக்க நாங்க வளைஞ்ச கொம்பைத் தேடி அலையறது எதுக்கு? பலகை கிடைக்காமலா?”

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். 1801-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நாள் வாரியாக ஒப்பிக்கக்கூடியவன். ஆனால் என் கையிலிருந்த மரத்தின் ரேகை எத்திசையில் ஓடுகிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பின்னர் விசாரித்தபோது, ஊர்த் திருவிழா நாடகம் ஒன்றிற்காகப் பையனின் மாமன் செய்வித்தது அது என்று தெரிந்தது. விளக்குக் கரியும் எண்ணெயும் பூசிப் பழமை ஏற்றியிருக்கிறார்கள். என் சீட்டை நானே கிழித்தெறிந்தேன். அன்று முதல் வளரியைப் பற்றிப் படித்ததோடு நில்லாமல், காணக் கிடைத்த வளரிகளையெல்லாம் பார்க்கவும் தொடங்கினேன்.

முதலில் படித்தவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். ஆங்கில நூல்களில் வளரி ‘கல்லெரி ஸ்டிக்’ என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. ‘கள்ளர்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் நாவு அவ்வாறு திரித்தது. கும்பெனிப் படையில் பணிபுரிந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி 1795-ஆம் ஆண்டளவில் மதுரையில் இருந்தார். சிறுவயலில் வாழ்ந்த சின்ன மருதுவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதல் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று, 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் எழுதியிருக்கிறார். வேறிடங்களில் அதிகம் அறியப்படாத படைக்கலம் அது என்றும், தேர்ந்தவன் கையிலிருந்து 100 கஜ தூரத்திற்குள் குறி தவறாமல் சென்று சேரும் என்றும் அவர் சொல்கிறார். அதே வெல்ஷ், 1801-இல் மருது சகோதரரை எதிர்த்துச் சென்ற படையிலும் இருந்தார். தமக்கு வளரி வீசக் கற்பித்த மனிதர் தொடை எலும்பு முறிந்து சிறைப்பட்டுக் கிடந்ததைத் தம் கண்ணாலேயே கண்டார். 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் அச்சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். இதையெல்லாம் வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். ஆயினும் தம் கடமையில் அவர் குறை வைக்கவுமில்லை.

வெல்ஷின் குறிப்பில் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வளரி 100 கஜம் செல்லும் என்றாரேயன்றி, எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று அவர் கூறவில்லை. தாமே வீசிப் பழகியவர். அப்படி ஒரு விந்தை நிகழ்ந்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா?

வளரி திரும்பி வரும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ‘பூமராங்’ பற்றிக் கேள்விப்பட்டதால் வந்த எண்ணம் இது. அங்கேயும்கூடத் திரும்பி வருவது ஒரு வகைதான். அது மெல்லியது, இரு கைகளும் ஏறக்குறைய ஒத்தவை, காற்று தூக்கிச் சுழற்றுமாறு இழைக்கப்பட்டது. கங்காருவை வீழ்த்தவும் போரிடவும் அவர்கள் கொண்ட கனத்த வகை திரும்பி வருவதன்று. வேட்டையாடுகிறவனுக்கு வேண்டுவது, படை விலங்கின்மேல் பட்டு அதை வீழ்த்துவது. தன் தலையை நோக்கித் திரும்புவதா வேண்டும்? நம் வளரியோ ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்திருக்கும். கனத்த முனை முன்னே இழுக்க, சுழன்றுகொண்டே சென்று தாக்குவதற்கு அமைந்த உருவம் அது. ஆகவே, இரு முனையும் ஒரே அகலமாய், ஒரே எடையாய், சிறகுபோல் மெல்லியதாய் உள்ள ஒன்றை ‘வளரி’ என்று எவரேனும் காட்டினால், அது ஆஸ்திரேலியப் படத்தைப் பார்த்துச் செய்தது என்று ஐயுறுங்கள். ஒரு விரலின்மேல் கிடத்தி நிறுத்திப் பாருங்கள். அது நடுவிலேயே சமனாய் நின்றால், மேலும் ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வளைந்த எறிதடி நமக்கு மட்டுமே உரியதன்று. குஜராத்தில் கோலியர் அத்தகைய தடியைக் கையாண்டனர். எகிப்து நாட்டில் 1922-இல் திறக்கப்பட்ட தூத்தங்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறையிலும் எறிதடிகள் பல கிடைத்தன. இத்தகைய எறிதடிகளைச் சேர்த்து வைத்து ஆராய்ந்த பிட் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி, ஆஸ்திரேலியரும் தென்னிந்தியரும் எகிப்தியரும் இக்கருவியை ஒரே மூலத்திலிருந்து பெற்றிருக்க வேண்டும் என்று கருதினார். அவர் 1884-இல் கொடுத்த பொருட்கள் ஆக்ஸ்போர்டில் அவர் பெயரால் விளங்கும் அருங்காட்சியகமாக இருக்கின்றன. வளைந்த கொம்பு எந்த நாட்டுக் காட்டிலும் கிடைக்கும்; அதை எறிந்தால் நேரான கொம்பைவிட நன்றாகச் சுழலும் என்பதை எந்த நாட்டு வேடனும் கண்டுகொள்வான். எனவே பிட் ரிவர்ஸின் முடிவு எனக்கு உடன்பாடன்று. அவர் பொருள்களைப் பேணிய முறைக்கு மட்டும் தலைவணங்குகிறேன்.

இனி, வளரியின் வகைகளுக்கு வருவோம். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட நூலில் வளரி பற்றி எழுதியிருக்கிறார். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த தந்த வளரியையும் மரவளரியையும் அவர் குறிக்கிறார். புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய விவரம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார். எனக்கு வழிகாட்டியது அந்த விவரமே. வளரி பெரும்பாலும் வயிரம் பாய்ந்த மரத்தால் செய்யப்படுவது, சிற்சில வேளைகளில் இரும்பாலும் செய்யப்படுவது, வெளிவிளிம்பு கூராக்கப்பட்டிருக்கும், மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி வீசுவார்கள். இவ்வளவும் திவான் தந்த செய்தி. அக்காலத்திலேயே தேர்ந்த எறிவோர் அச்சமஸ்தானத்தில் இல்லை என்றும், முயலும் காட்டுக்கோழியும் வேட்டையாட மட்டும் அங்கொருவர் இங்கொருவர் பயன்படுத்துவதாகக் கேள்வி என்றும் அவர் கூறுகிறார். மற்றபடி அது பூசையறையில் இருக்கும்; ஆயுத பூசை நாளில் வெளியே வரும்; சுரண்டித் துடைக்கப்பட்டு மறுபடியும் உள்ளே போய்விடும்.

மரம், இரும்பு, தந்தம் ஆகிய மூன்றும் ஒரே கருவியின் மூன்று விலைகள் என்று எண்ணிவிடாதீர்கள். தந்த வளரி அரசரின் ஆயுதசாலைக்கு உரியது. பெருமைக்காக வைத்திருந்தது என்றே நான் கருதுகிறேன். விலை மிகுந்த தந்தத்தைக் கடைந்து முயலின்மேல் எவன் எறிவான்? தந்தமென்று சொல்லி எலும்பையோ நெகிழியையோ காட்டுவாருண்டு. தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைபோல் ஓடும். எலும்பில் சிறு புள்ளிகளும் கீற்றுகளுமே தெரியும். நெகிழியில் ஒன்றும் இராது.

இரும்பு வளரி கொல்லன் உலையில் பிறந்தது. சம்மட்டியால் அடித்து நீட்டியதாகையால் தடிமன் இடத்திற்கு இடம் மாறும். தலைப்பக்கம் அகன்று கனக்கும். பிடிப்பக்கம் படிப்படியாகச் சிறுத்து வரும். நான் கண்ட பழைய இரும்பு வளரிகளில், கை வழுக்காதிருக்கப் பிடியின் முனை சிறு குமிழாக முடிந்திருந்தது. இக்காலத்தில் தகட்டை வரைந்து வெட்டி விளிம்பை மட்டும் சாணை பிடித்துச் செய்கிறார்கள். ஓரத்தை விரலால் பற்றித் தலையிலிருந்து பிடி வரைக்கும் நகர்த்தினால் எங்கும் ஒரே தடிமன் தட்டுப்படும். துருவைக் கண்டு மயங்கவேண்டாம். நம் கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்க 200 ஆண்டு வேண்டுவதில்லை. ஒரு மழைக்காலம் போதும்.

பழைய வளரிகளில் இரும்பு ஏன் குறைவு என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. “கும்பெனியார் எல்லாவற்றையும் பறித்துப் போய்விட்டனர்” என்பது வழக்கமான விடை. பறித்தது மெய்தான். மருது சகோதரர் மறைந்த சில வாரங்களில், 1801 டிசம்பர் 1-ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பது அதனால் தடுக்கப்பட்டது, கோட்டைகள் இடிபட்டன. ஆயினும் இந்த விடை முழுமையாகுமா என்பதைப் புதுக்கோட்டையைக் கொண்டு சோதிக்கலாம். புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனியின் நண்பர்; 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர். பகைநாடாக எண்ணி ஆயுதம் பறிக்கப்பட்ட சீமையன்று அது. அங்கிருந்து எழுதிய திவானே, வளரி பெரும்பாலும் மரமென்றும் சில வேளை இரும்பென்றும் சொல்கிறார். ஆகவே இரும்பு வளரி முதலிலிருந்தே அருகியதாயிருந்தது என்று கொள்வதே பொருந்தும். குடியானவன் ஒருவன் காட்டுக்குச் சென்று, வளைந்த கொம்பு ஒன்றை வெட்டி, தானே செதுக்கிக்கொள்ளக்கூடிய படைக்கலம் வளரி. கொல்லனுக்குக் கூலி கொடுத்து எறியும் இரும்பு, புதரில் விழுந்து காணாமற்போனால் இழப்பு பெரிது. மரமானால் மறுநாள் வேறொன்று செய்துகொள்ளலாம்.

இந்த ஒரு செய்தியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. இரும்பு வளரிதான் உண்மையான போர்க்கருவி, மரவளரி விளையாட்டுப் பொருள் என்னும் பேச்சு பழம்பொருள் வாங்குவோரிடையே பரவியிருக்கிறது. அதனால் தகட்டில் வெட்டிய போலிகள் நல்ல விலைக்குப் போகின்றன. அடுக்களைப் பரணில் கிடக்கும் மெய்யான மரவளரி அடுப்புக்குப் போகிறது.

அவ்வாறு போகவிருந்த ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வுபெற்ற பின்னர், முதுகுளத்தூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பத்தா வீட்டில் ஒரு வளைதடி இருப்பதாகவும், பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இது புதுமரம், ஆடு மேய்க்கிற கம்பு, இரும்பு இருந்தால் சொல்லுங்கள்” என்று உதறிவிட்டுப் போனதாகவும் சொன்னார். வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். வைத்திருப்பதா, கழிப்பதா என்று தெரியவேண்டும். நான் உடன் சென்றேன்.

அந்த மூதாட்டிக்கு 80 வயதுக்கு மேலிருக்கும். பூசையறையிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய பொருளைக் கொண்டுவந்து, என் கையில் தராமல் முறத்தில் வைத்தார். ஒன்றேகால் முழ நீளம். முதற் பார்வைக்கு வியாபாரி சொன்னது சரியென்றே தோன்றியது. மரம் வெளுத்து, நேற்றுச் செதுக்கியதுபோல் இருந்தது. உடனே திவான் எழுதியது நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குச் சுரண்டுவார்கள் அல்லவா? ஆண்டுக்கொருமுறை கண்ணாடிச் சில்லால் சுரண்டப்படும் மரத்தில் பழமையின் கருமை எப்படித் தங்கும்? நாடக வளரி கறுத்திருந்தது; பூசையறை வளரி வெளுத்திருந்தது. நிறத்தை நம்பியவர் இரண்டிலும் ஏமாறுவார்.

மாணவர்களே, அதன்பின் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மூதாட்டியின் அனுமதியோடு கையிலெடுத்தேன். முதலில் மரத்தின் ரேகையைப் பார்த்தேன். அது வளைவோடு வளைவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடிற்று. பாம்பன் ஓடாவி அங்கிருந்தால் சிரித்திருப்பார். பின்பு விரலின்மேல் நிறுத்தினேன். சமன்நிலை நடுவிலிருந்து ஏறத்தாழ நான்கு விரற்கடை தலைப்பக்கம் தள்ளி நின்றது. வெளிவிளிம்பு கூராக இருந்தது; உள்விளிம்பு உருண்டையாக இருந்தது. ஆடு மேய்ப்பவன் தன் கம்புக்கு ஏன் வெளிவிளிம்பில் கூர் வைக்கவேண்டும்? கடைசியாகப் பிடியைப் பார்த்தேன். உடலெங்கும் சுரண்டப்பட்டிருந்தும், பிடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குச் சுரண்டல் படவில்லை. உள்ளங்கையின் வியர்வை ஊறி, புளியங்கொட்டை நிறத்தில் வழவழப்பாக இருந்தது.

“இந்த இடத்தை ஏன் சுரண்டவில்லை, அப்பத்தா?” என்று கேட்டேன்.

“அது கை பட்ட இடம். அதைத் தொடக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லியிருக்காக” என்றார்.

யாருடைய கை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் மாமியாருக்கும் தெரிந்திருக்கவில்லையாம். 1801-இல் போரிட்டவர் கையாக இருக்கலாம். அதற்கு முந்திய வேட்டைக்காரர் கையாகவும், பிந்திய வேட்டைக்காரர் கையாகவும் இருக்கலாம். வேட்டைக்கும் போருக்கும் தனித்தனி மரவளரி வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அன்று நான் ஆண்டு குறித்துச் சீட்டு எழுதவில்லை. ‘மரவளரி, வளைந்த கொம்பில் செய்தது, எறிந்து பயன்படுத்தப்பட்டது, ஆண்டுதோறும் சுரண்டப்பட்டு வந்தது’ என்று மட்டும் ஒரு தாளில் எழிதிக் கொடுத்தேன். நூறாண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டதென்றும், தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றமென்றும் மாணவரிடம் எடுத்துச் சொன்னேன்.

மூதாட்டி அந்தத் தாளை வாங்கிப் பேரனிடம் கொடுத்தார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். அவருடைய மாமியார் காலம் வரையில், அந்த வீட்டில் கலியாணம் பேசி முடிக்கும் நாளில் அதைத் துணியோடு எடுத்துக் கூடத்தில் வைப்பார்களாம். கள்ளர் திருமணத்தில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொண்ட வழக்கத்தைத் தர்ஸ்டன் எழுதியிருப்பதை நான் படித்திருந்தேன். இந்தச் சீமையில் மறவர் வீடொன்றில் அதன் சாயலைக் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் கேட்க எண்ணினேன்; பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்குமுன் அது உள்ளே போய்விட வேண்டுமென்று சொல்லி, முறத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு அவர் பூசையறைக்குள் சென்றுவிட்டார்.